துன் சம்பந்தனும் தேர்தற் செலவும்

மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896 ஆம் ஆண்டு தான் சாய் யான் என்னும் சீனச் செல்வர் ஏறத்தாழ 40 ஏக்கர் நிலத்தில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். வாணிக நோக்குடன் மலாயாவில் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவர் ரிட்லி, காண்பாரிடமெல்லாம் ரப்பர் விதையை நீட்டிப் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர் வாங்கியிருந்த காலம் அது. அந்தப் பைத்தியத்தின் சொல்லுக்குச் செவி சாய்த்தவர் மலாக்காக்காரர் ஒருவர் என்பது நம் மாநிலத்துக்கு ஒரு பெருமைதான். தான் சாய் யான் பின்னர்ப் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் ஒன்றையும் எழுப்பினார். 1906 இல் அது இலண்டன் கம்பெனி ஒன்றின் கைக்கு மாறிற்று. அந்தத் தோட்டங்களிலும் அவற்றைப் பின்பற்றி எழுந்த பிற தோட்டங்களிலும் காடு வெட்டவும் பால்மரம் சீவவும் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கங்காணிமார் வழியாக வந்தவர்களே நம் முன்னோர்.

அதே 1896 ஆம் ஆண்டில் வீராசாமி என்னும் தமிழர் ஒருவரும் மலாயாவுக்கு வந்து சேர்ந்தார். அவர் சென்ற திசை வேறு. பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் நிலம் தேடி, ரப்பர் பயிரிட்டு, நாளடைவில் தோட்ட உரிமையாளராக உயர்ந்தார். அவருடைய மகன் திருஞானசம்பந்தனே, வீ. தி. சம்பந்தன் என்று பின்னாளில் நாடறிந்தவர். 1955 முதல் 1974 வரை நாட்டின் சட்டம் இயற்றும் அவையில் உறுப்பினராகவும் அமைச்சராகவும் இருந்தவர்.

மலாக்காத் தமிழரைப் பற்றிப் பேசத் தொடங்கிப் பேராக்காரர் ஒருவரை இழுப்பானேன் என்று வாசகர் கேட்கலாம். காரணம் உண்டு. மலாக்காத் தோட்டத் தமிழர் தம்மவர் ஒருவரைத் தம் ஊரிலிருந்தே நாடாளுமன்றத்துக்கு அனுப்பும் நிலையில் அன்று இல்லை. 1955 இல் மலாக்கா நடுத் தொகுதியில் வென்றவர் தான் சியூ சின். ஜாசினிலோ அலோர் காஜாவிலோ பால் எடுத்த தொழிலாளியின் குறை தலைநகரை எட்ட வேண்டுமாயின், அது மலாயா இந்தியர் காங்கிரசின் வழியாக, அதன் தலைவர் சம்பந்தன் வாயிலாகவே எட்ட வேண்டியிருந்தது. அவருடைய தொகுதி வேறு. ஆனால் அவர் பேசிய மக்களில் மலாக்காவின் தோட்டத்து மக்களும் அடங்குவர்.

சட்டமன்ற உறுப்பினர் ஒருவரை அறிய வேண்டுமாயின் மூன்று வினாக்கள் போதும் என்பது என் கருத்து. அவர் எங்கிருந்து வந்தார்? எதை முதன்மையாகக் கருதினார்? அவர் தேர்தலுக்கு ஆன செலவை யார் கொடுத்தார்? முதலிரண்டையும் நாம் மேடைதோறும் கேட்கிறோம். மூன்றாவதைக் கேட்பது நாகரிகமன்று என்று விட்டுவிடுகிறோம். ஆனால் முதலிரண்டு வினாக்களுக்குரிய விடை பல வேளைகளில் மூன்றாவதில்தான் ஒளிந்திருக்கிறது.

முதலாளி மகன், தொழிலாளர் தலைவர்

சம்பந்தன் 1919 ஆம் ஆண்டு ஜூன் 16 ஆம் நாள் பிறந்தார். கோலகங்சார் கிளிஃபர்டு பள்ளியில் ஆங்கிலக் கல்வி; பின்னர்ச் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு. தமிழகத்தில் அவர் மாணவராயிருந்த காலம் இந்திய விடுதலைப் போராட்டம் கொதித்தெழுந்த காலம். காந்தியடிகளின் கொள்கை அவருள்ளத்தில் பதிந்ததற்குச் சான்று, அவர் முயற்சியால் சுங்கை சிப்புட்டில் எழுந்த தமிழ்ப்பள்ளி மகாத்மா காந்தி கலாசாலை என்று பெயர் பெற்றதாகும். 1954 இல் அதனைத் திறந்து வைத்தவர் விஜயலட்சுமி பண்டிட் அம்மையார்.

1946 இல் தோன்றிய ம.இ.கா., அதன் முதற் பத்தாண்டில் பெரும்பாலும் நகரத்தாரின் கட்சியாகவே இருந்தது. வழக்கறிஞர், வணிகர், ஆங்கிலம் படித்த அலுவலர் ஆகியோரே முன்னின்றனர். முதல் தலைவர் ஜான் திவி. பின்னர்ப் புத் சிங், இராமநாதன், தேவசர் எனத் தலைவர் மாறி வந்தனர். 1955 இல் தலைமையேற்ற சம்பந்தன், கட்சியைத் தோட்டத்துக்குள் கொண்டு சென்றார். கூட்டங்களில் தமிழ் ஒலித்தது. கிராணியும் ஆசிரியரும் கங்காணியும் கிளைத் தலைவராயினர். தோட்டத்துத் தமிழாசிரியர்க்கு இதில் தனிப் பங்கு உண்டு. எழுதப் படிக்கத் தெரிந்தவர் லயத்தில் அவர் ஒருவரே என்ற நிலையில், உறுப்பினர் பட்டியல் எழுதுவதும் குடியுரிமை மனு நிரப்புவதும் அவர் தலையிலேயே விழுந்தன.

முதலாளியின் மகன் தொழிலாளர்க்குத் தலைவரானது நம் நாட்டுக்கு மட்டும் உரிய விந்தையன்று. இலங்கை மலையகத்தின் சௌமியமூர்த்தி தொண்டமானும் அப்படியே. அவர் தந்தையாரும் தமிழகத்திலிருந்து சென்று உழைத்து, வேவண்டன் என்னும் தேயிலைத் தோட்டத்துக்கு உரிமையாளரானவர். காரணம் எளிது. அன்றைய தோட்டத் தொழிலாளிக்கு வேலையை விட்டுவிட்டு அரசியல் நடத்த ஒரு நாள் ஓய்வும் இல்லை. அடுத்த ஊருக்குப் போக வண்டிச் சத்தமும் இல்லை. பேசுவதற்கு ஓய்வுடையவன் நிலமுடையவனே.

குடியுரிமை

1955 ஆம் ஆண்டு ஜூலையில் நடந்த முதற் பொதுத் தேர்தலில் பதிவு பெற்ற வாக்காளர் ஏறத்தாழ 12 இலட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களுள் மலாய்க்காரர் நூற்றுக்கு 84 பேர். சீனர் 11 பேருக்குச் சற்று மிகுதி. இந்தியரும் ஏனையோரும் சேர்ந்து 5 பேர்கூட இல்லை. இந்தியர் தொகை சிறிது என்பது மட்டும் இதற்குக் காரணமன்று. அவருள் பெரும்பாலோர் குடிமக்களாகப் பதிவு பெறவில்லை என்பதே காரணம்.

ஆகவே சம்பந்தனின் முதற் பணி வாக்குக் கேட்பதன்று, வாக்காளரை உண்டாக்குவது. 1956 ஆம் ஆண்டு பிப்ரவரி 20 ஆம் நாள் துங்கு அப்துல் ரகுமான் இலண்டனிலிருந்து திரும்பி, நம் மலாக்காவின் பண்டார் ஹிலிர் திடலில் விடுதலை நாளை அறிவித்தார். அத்திடலில் கேட்ட முழக்கத்துக்குப் பின்னே இருந்த கேள்வி, புதிய நாட்டில் யார் குடிமகன் என்பது. 1957 ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி, விடுதலை நாளுக்குப் பின் நாட்டில் பிறப்போர் அனைவரும் குடிமக்கள். வெளிநாட்டில் பிறந்து இங்கு வாழ்ந்தவர், முந்திய 12 ஆண்டுகளில் 8 ஆண்டு இங்குத் தங்கியிருந்ததைக் காட்டி மனுச் செய்ய வேண்டும். மனுச் செய்ய வேண்டும் என்பதிலேதான் சிக்கல் இருந்தது. எட்டாண்டு வாழ்ந்ததற்குத் தாள் எங்கே? தோட்டத்துப் பெயர்ப் பட்டியலில் முனியாண்டி, மனுவில் முனியசாமி. இத்தகைய சிறு வேறுபாடுகளும் அலட்சியமும், ஊருக்குத்தானே திரும்பப் போகிறோம் என்ற நினைப்பும் பலரை மனுச் செய்யாமலே நிறுத்திவிட்டன.

அந்த அலட்சியத்தின் விலை பன்னிரண்டு ஆண்டு கழித்து வந்தது. 1968 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, குடியுரிமை இல்லாதார் வேலை செய்ய உரிமம் பெற வேண்டும் என்றது. 1969 க்குப் பின்னர் உரிமம் மறுக்கப்பட்ட தமிழர் பல்லாயிரவர் பிறந்த மண்ணுக்கே கப்பலேறினர். நாற்பதாண்டு உழைத்த நாட்டை விட்டு, தகரப் பெட்டியுடன் ரஜூலாக் கப்பலில் ஏறியவர்களை நம்மிற் பலர் நேரில் அறிவோம். அல்லது அவர்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இக்குறையைச் சம்பந்தன் ஒருவர் தலையில் சுமத்துவது நேர்மையன்று. ஆயினும், அவர் தலைமையிலிருந்த காலத்திலேயே இது நேர்ந்தது என்பதை மறைப்பதும் வரலாறாகாது.

செலவைத் தாங்கியவர்

இனிச் செலவுக்கு வருவோம். 1955 தேர்தலில் கூட்டணியின் 52 வேட்பாளருள் அம்னோவுக்கு 35, ம.சீ.ச.வுக்கு 15, ம.இ.கா.வுக்கு 2. வென்ற இடம் 51. கிந்தா வடக்கில் வென்ற சம்பந்தன் தொழிலமைச்சரானார். 1959 இல் 104 இடங்களுக்குத் தேர்தல் நடந்தபோது ம.இ.கா.வுக்குக் கிடைத்தவை 4. அதற்கு மேல் ஏன் கேட்கவில்லை என்பது நெடுங்காலமாக நம்மவர் எழுப்பும் வினா.

கூட்டணி என்பது மூவர் சேர்ந்து சமைக்கும் விருந்து போன்றது. அம்னோ கொண்டு வந்தது வாக்கு. ம.சீ.ச. கொண்டு வந்தது வாக்கோடு பொருளும். அக்கட்சியை 1949 இல் நிறுவியவர் மலாக்காவின் துன் தான் செங் லோக். அவர் புக்கிட் காஜாங் ரப்பர்த் தோட்டத்தில் பணி தொடங்கிப் பின்னர்த் தாமே ரப்பர்க் கம்பெனிகள் தோற்றுவித்த செல்வர்; 1923 முதல் நீரிணைக் குடியேற்றங்களின் சட்டமன்றத்தில் அமர்ந்தவர். ம.சீ.ச. தொடங்கிய சில ஆண்டுகளில் குலுக்குச் சீட்டு ஒன்றை நடத்தி, அதன் வருவாயால் புதுக்கிராமங்களுக்கு உதவியும் கட்சிக்கு வலிமையும் தேடிக்கொண்டது. அரசியற் கட்சிகள் குலுக்குச் சீட்டு நடத்தலாகாது என்று 1953 இல் அரசு தடை செய்தது. தடை வந்தபோதும், கட்சியின் பின்னே வணிகர் சங்கங்கள் இருந்தன. மலாக்கா நடுத் தொகுதியின் உறுப்பினரான அவர் மகன் தான் சியூ சின் 1959 முதல் 1974 வரை நாட்டின் நிதியமைச்சராகவே இருந்தார்.

ம.இ.கா. கொண்டு வந்ததோ சிறிதளவு வாக்கு. பொருள் எங்கிருந்து வரும்? நகரத்து இந்திய வணிகர் சிலர் கொடுத்தனர். எஞ்சியதைத் தலைவரே தாங்கினார். தந்தையார் விட்டுச்சென்ற ரப்பர் நிலம் ஏறத்தாழ 600 ஏக்கர் என்றும், அதில் பாதியளவைக் கட்சிக்காகவும் ஏழையர்க்காகவும் அவர் விற்றுச் செலவிட்டார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். கட்சிப் பணத்தைத் தொடுவதைவிடத் தம் பணத்தைச் செலவிடவே அவர் விரும்பினார் என்பதும் அவர்கள் கூற்று. பதவியால் பொருள் சேர்த்தவர் பலரைக் கண்ட கண்ணுக்கு இது வியப்பான செய்தி. அரசியலில் நுழைந்து ஏழையானவர் என்று சொல்லத்தக்க தலைவர் நமக்கு ஒருவர் கிடைத்தார்.

பாராட்டோடு நின்றுவிட மனம் ஒப்பவில்லை. ஒருவர் தம் நிலத்தை விற்றுப் பல்லாயிரம் பேருக்காகப் பேசினார் என்றால், அந்தப் பல்லாயிரம் பேர் அவருக்குக் கடன்பட்டவர் ஆகின்றனர். கடன்பட்டவன் கணக்குக் கேட்பதில்லை. கிளைக் கூட்டத்தில் எழுந்து நின்று, நான்கு இடம் போதுமா என்று தலைவரைக் கேட்கும் துணிவு, தலைவர் செலவில் கூட்டத்துக்கு வந்தவனுக்கு எப்படி வரும்? கூட்டணியின் பெரிய கட்சிகளிடம் ம.இ.கா.வின் நிலையும் ஏறக்குறைய இதுவே. பொருள் கொடுப்பவர் வீட்டில் இருந்துகொண்டு, எனக்கும் கூடுதல் இலை போடு என்று கேட்பது எளிதன்று. 1959 இல் 40 இடம் வேண்டும் என்று ம.சீ.ச. தலைவர் லிம் சோங் யூ வலியுறுத்திப் பார்த்தார். 31 இடமே கிடைத்தது. அவர் பதவி துறந்தார். பொருள் உடைய கட்சிக்கே அந்நிலை என்றால், பொருளற்ற கட்சியின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

தொழிலாளர் தம் காசைத் தாமே திரட்டி உறுப்பினரை அனுப்பும் வழி உலகில் இல்லாமல் இல்லை. பிரிட்டனில் தொழிற்சங்கங்கள் சந்தாப் பணத்திலிருந்து தொழிற்கட்சி உறுப்பினர்க்கு உதவி வந்தன. 1909 இல் ஓஸ்போர்ன் என்னும் இரயில்வே ஊழியர் தொடுத்த வழக்கில் அது செல்லாது என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. 1911 இல் உறுப்பினர்க்கு ஆண்டுக்கு 400 பவுன் ஊதியம் அளிக்கப்பட்டது. 1913 ஆம் ஆண்டுச் சட்டம், உறுப்பினர் வாக்கெடுத்து இசைந்தால் சங்கம் தனி அரசியல் நிதி வைத்துக்கொள்ளலாம் என்று இடமளித்தது. இலங்கையில் தொண்டமானின் தொழிலாளர் காங்கிரஸ் ஒரே வேளையில் தொழிற்சங்கமாகவும் அரசியற் கட்சியாகவும் விளங்கியது. தொழிலாளியின் சந்தாவே அதன் உயிர்நாடி. ஆனால் அங்கே வேறொரு கொடுமை. 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு உறுப்பினரை அனுப்பியது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த சட்டங்களும் வாக்கையே பறித்துவிட்டன. 1952 இல் ஓர் உறுப்பினரும் இல்லை.

மலையகத் தொழிலாளிக்குச் சங்கமும் சந்தாவும் இருந்தன, வாக்குப் போயிற்று. மலாயாத் தொழிலாளிக்கு வாக்கு மெல்ல மெல்ல வந்தது. ஆனால் சந்தாவை வாக்கோடு சேர்க்க வழியில்லை. 1954 இல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பி. பி. நாராயணன் தலைமையில் நாட்டின் மிகப் பெரிய தொழிற்சங்கமாக வளர்ந்தது. அதன் காசு கூலிப் பேச்சுக்குப் பயன்பட்டது, தேர்தலுக்கு அன்று. 1959 ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின்படி சங்க நிதியை அரசியல் நோக்கத்துக்குச் செலவிடலாகாது. சங்கம் கட்சிக்கு அடிமையாகாதிருக்க அத்தடை வேண்டும் என்று வாதிப்போர் உளர். அதில் உண்மையும் உண்டு. ஆயினும், வணிகர் தம் பணப்பையைக் கட்சிக்குத் திறப்பதை எச்சட்டமும் அவ்வாறு தடுக்கவில்லை.

பத்து வெள்ளி

தொழிலாளியின் சிறு காசைத் திரட்டும் வித்தையைச் சம்பந்தன் அறியாதவரல்லர். அதை அவர் பயன்படுத்தியது வேறிடத்தில்.

1950 களில் ஐரோப்பியக் கம்பெனிகள் பல, நாடு விடுதலை பெற்றபின் என்னாகுமோ என்ற அச்சத்தாலும் நல்ல விலை கிடைத்த ஆசையாலும் தோட்டங்களை விற்கத் தலைப்பட்டன. வாங்கியோர் அவற்றை முழுதாக நடத்தவில்லை. சிறு சிறு துண்டாகக் கூறுபோட்டு மறுவிலைக்கு விற்றனர். இதுவே தோட்டத் துண்டாடல். பத்து ஏக்கர் வாங்கியவருக்கு லயம் வேண்டாம், மருத்துவமனை வேண்டாம், பிள்ளை மடுவம் வேண்டாம், பள்ளிக்கூடமும் வேண்டாம். அவர் குடும்பமே பால் எடுத்துக்கொள்ளும்; இல்லையேல் குத்தகைக்காரர் வழியே குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கும். நேற்றுவரை ஒரு முதலாளியிடம் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த முந்நூறு குடும்பம், இன்று எவரிடம் முறையிடுவது என்றறியாமல் சிதறியது. பேராசிரியர் உங்கு அஜீஸ் தலைமையில் இது குறித்து ஓர் ஆராய்ச்சியும் நடந்து 1960 களின் தொடக்கத்தில் வெளிவந்தது.

சம்பந்தன் 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். திட்டம் எளியது. பங்கு ஒன்றின் விலை 100 வெள்ளி. அதை ஒருசேரக் கட்ட வேண்டியதில்லை. பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். பத்து வெள்ளி என்பது அன்று பால்வெட்டுத் தொழிலாளியின் சில நாளைய கூலி. அமைச்சர் ஒருவர் தோட்டந்தோறும் சென்று, விலைக்கு வரும் தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று கேட்டபோது மக்கள் நம்பினர். கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. 1979 ஆம் ஆண்டு மே 18 ஆம் நாள் அவர் மறைந்தபோது சங்கத்துக்கு 85,000 உறுப்பினர், 18 தோட்டங்கள், ஏறத்தாழ 12,000 ஹெக்டர் நிலம். மலாயா வரலாற்றில் கூலித் தொழிலாளர் தம் காசால் நிலமுடையோர் ஆனதற்கு இதனினும் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

சங்கத்தை மிகைப்படுத்திப் பேசுவோரும் உளர். அது வாங்கிய தோட்டம், துண்டாடப்பட்டவற்றுள் ஒரு பகுதியே. பங்குதாரனான தொழிலாளி அடுத்த நாள் காலை அதே பெரட்டில் நின்றான். கூலியும் ஏறக்குறைய அதே கூலிதான். ஆனால் கூட்டுறவின் அடிப்படை விதி ஒன்று உண்டு: ஒருவர் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் வாக்கு ஒன்றே. பத்து வெள்ளி கட்டியவன் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்கலாம். அவன் தலைவருக்குக் கடன்பட்டவன் அல்லன். தலைவர்தாம் அவனுக்குக் கணக்குச் சொல்லக் கடன்பட்டவர். நிலத்துக்காக இந்த ஏற்பாட்டைக் கண்டவர், கட்சிக்காக அதைக் காணாமற் போனது ஏன் என்பதே என்னை வாட்டும் வினா. கூட்டுறவுப் பணம் அரசியலில் கலக்கக் கூடாது, அது சரி. ஆனால் உறுப்பினர் ஒவ்வொருவரும் தாமே மனமுவந்து கொடுக்கும் சிறு தேர்தல் நிதியைத் தனியே திரட்டியிருக்கலாம். தம் சட்டைப் பையிலிருந்து கொடுக்கப் பழகியவர்க்குப் பிறரிடம் கேட்கக் கூச்சமாக இருந்ததோ என்னவோ!

அந்த ஆண்டுகளில் மலாக்காத் தொழிலாளர் காத்துக்கொண்டே இருந்துவிடவில்லை. 1967 இல் புக்கிட் அசகான் தோட்டத்துத் தொழிலாளர், தம் குறையை அரசிடம் நேரிற் சொல்லக் கோலாலம்பூரை நோக்கிக் கால்நடையாகவே புறப்பட்டனர். நூறு மைலுக்கு மேற்பட்ட வழி. தான் சாய் யான் எழுப்பிய அதே தோட்டம். ஓர் உறுப்பினர் வாய் திறந்து பேசியிருக்க வேண்டியதை, அவர்கள் காலால் நடந்து சொல்ல வேண்டியிருந்தது. சம்பந்தன் துன் பட்டம் பெற்றதும் அதே ஆண்டில்தான்.

சம்பந்தன் 1973 இல் கட்சித் தலைமையிலிருந்து விலகினார். உள்ளிருந்தே எழுந்த எதிர்ப்பு அவரை விலகச் செய்தது. வெ. மாணிக்கவாசகம் தலைவரானார். மறு ஆண்டுத் தேர்தலில் சம்பந்தன் நிற்கவில்லை. அவர் பெயரால் பின்னாளில் பிரிக்பீல்ட்ஸ் பெருவீதி அழைக்கப்படலாயிற்று.

மலாக்காத் தோட்டத்துப் பிள்ளை

மலாக்காவிலே பிறந்து நாடாளுமன்றத்தில் அமர்ந்த ஒருவரையும் இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவர் தேவன் நாயர். 1923 ஆகஸ்டு 5 ஆம் நாள் பிறந்தவர். தலைச்சேரியிலிருந்து வந்து மலாக்காவில் ரப்பர்த் தோட்டக் கிராணியாயிருந்தவர் தந்தையார். பத்து வயதில் குடும்பம் சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஆசிரியராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் வளர்ந்தார்; பிரிட்டிஷாரால் சிறையிடப்பட்டார். 1964 மலேசியப் பொதுத் தேர்தலில் சிங்கப்பூரின் மக்கள் செயல் கட்சி தீபகற்பத்தில் நிறுத்திய வேட்பாளருள் வென்றவர் அவர் ஒருவரே. இடம் கோலாலம்பூரின் பங்சார். வாக்கு வேறுபாடு 808. அவரிடம் தோற்றவர், 1959 இல் அத்தொகுதியை வென்றிருந்த தொழிற்சங்கத் தலைவர் வி. டேவிட். தொழிலாளர் வாக்கை இரண்டு தொழிற்சங்கக்காரர் பங்கு போட்டுக்கொண்ட காட்சி அது!

1965 இல் சிங்கப்பூர் பிரிந்தது. தேவன் நாயர் மலேசிய நாடாளுமன்றத்தில் தனித்து நின்று, ஜனநாயகச் செயற்கட்சியைத் தோற்றுவிப்பதில் முன்னின்றார். அடுத்த தேர்தலுக்கு முன்பே சிங்கப்பூர் திரும்பி, 1981 முதல் 1985 வரை அந்நாட்டின் அதிபராகவும் இருந்தார். நிலமுடையவரின் மகன் நிலத்தை விற்றுச் செலவு செய்தார்; கிராணியின் மகனுக்கோ விற்க நிலமில்லை. கட்சியே தூக்கிச் சென்று நிறுத்தியது. கட்சியின் தலைமை நாடு மாறியதும், அவருடைய தொகுதி வாழ்வும் முடிந்துபோயிற்று.

சட்டம் சொல்லும் கணக்கு

தேர்தற் செலவுக்கு வரம்பு வைப்பது 1954 ஆம் ஆண்டுத் தேர்தற் குற்றச் சட்டம். பாராளுமன்ற வேட்பாளர் 50,000 வெள்ளியும் மாநிலச் சட்டமன்ற வேட்பாளர் 30,000 வெள்ளியும் செலவிடலாம் என்றிருந்தது, 2000 களின் தொடக்கத்தில் செய்த திருத்தத்தால் முறையே 200,000, 100,000 என உயர்ந்தது. வைப்புத்தொகை 10,000 வெள்ளியும் 5,000 வெள்ளியும். பதிவான வாக்கில் எட்டில் ஒரு பங்கு பெறாதவர் அதை இழப்பர். தோட்டத் தொழிலாளி ஒருவர் இத்தொகையைத் தம் கூலியிலிருந்து எடுத்து வைப்பது எங்ஙனம் என்று எண்ணிப் பார்த்தாலே, வேட்பாளர் பட்டியலில் அவர் பெயர் ஏன் இல்லை என்பது விளங்கும்.

வரம்பில் பெரிய துளை ஒன்று உண்டு. அது வேட்பாளரின் செலவுக்கே வரம்பு, கட்சியின் செலவுக்கன்று. ஊர் முழுதும் கட்சிக் கொடி கட்டிய செலவும், தலைவர் படம் போட்ட பதாகைச் செலவும் வேட்பாளர் கணக்கில் ஏற வேண்டியதில்லை. கட்சிக்கு யார் எவ்வளவு கொடுத்தார் என்று வெளியிடக் கட்டாயப்படுத்தும் தனிச்சட்டம் வேண்டும் என்ற பேச்சு ஆண்டுக் கணக்கில் நடந்து வருகிறது. சம்பந்தனின் சொந்தத் தொகுதியான சுங்கை சிப்புட்டில் 2008 முதல் 2018 வரை உறுப்பினராயிருந்த மருத்துவர் மைக்கேல் ஜெயக்குமார், தம் சொத்துக் கணக்கைத் தாமே முன்வந்து மக்கள்முன் வைத்தார். சட்டம் கேட்காததை அவர் செய்தார்.

மலாக்காவில் இன்று தோட்டங்கள் அருகிவிட்டன. ரப்பர் போய் எண்ணெய்ப் பனை வந்தது. பல இடங்களில் பனையும் போய் வீடமைப்பு வந்தது. தமிழர் டுரியான் துங்கல், மெர்லிமாவ், மஸ்ஜிட் தானா முதலிய ஊர்களின் தாமான்களில் வாழ்கின்றனர். ஆயினும் மாநிலத்தின் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பெயரில் தோட்டம் இன்னும் நிற்கிறது: ஜாசின் லாலாங், புக்கிட் லிந்தாங், தெபோங். அலோர் காஜாவை அடுத்த கடேக் மாநிலத் தொகுதியில் நெடுங்காலம் ம.இ.கா. வேட்பாளரே நின்று வென்றனர். 2018 இல் ஜனநாயகச் செயற்கட்சியின் தமிழர் ஒருவர் வென்றார். 2021 இல் அது மீண்டும் ம.இ.கா.வுக்குத் திரும்பிற்று. மூன்று முறையும் வென்றவர் தமிழரே என்பதால், அத்தொகுதியில் போட்டி இனத்தைப் பற்றியதாக இல்லாமல் வேலையையும் கணக்கையும் பற்றியதாக இருக்க வாய்ப்புண்டு.

தேர்தல் நாளில் பள்ளிக்கூடங்களே வாக்குச் சாவடியாகின்றன. ஆசிரியர் பலர் வாக்குச் சாவடி அலுவலராக அமர்ந்து, விடியற்காலை முதல் வாக்குச் சீட்டு எண்ணி முடிக்கும்வரை பணியாற்றுகின்றனர். அன்றோடு அவர் பணி முடிந்தது என்று எண்ணுகிறோம். ஆனால் முடிவு அரசிதழில் வெளியான 31 நாளுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும், வென்றவரும் தோற்றவரும், தம் வரவு செலவுக் கணக்கைத் தேர்தல் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். யாரிடம் எவ்வளவு பெற்றார், எதற்குச் செலவிட்டார் என்பது அதில் இருக்க வேண்டும். அக்கணக்கைப் பொதுமக்கள் பார்வையிடவும் சட்டம் இடமளிக்கிறது. வாக்காளர் எவரும் தேர்தல் அலுவலகத்துக்குச் சென்று அதைக் கேட்டுப் பார்க்கலாம்.